வளர்ப்புப் பிள்ளையும் நம் கடமையும்

பெற்றோரின் நிழலை இழந்த பிள்ளையை மற்றொரு குடும்பம் ஏற்று வளர்ப்பது நம் தோட்டங்களுக்குப் புதிய செய்தியன்று. தாய் இறந்தால் பாட்டி வளர்ப்பாள். பாட்டிக்கு இயலாவிடில் சித்தியோ அத்தையோ வளர்ப்பாள். உறவு எவரும் இல்லாதபோது அடுத்த வீட்டுக்காரி தன் பிள்ளைகளோடு அப்பிள்ளைக்கும் சோறிட்டு வளர்ப்பாள். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்னும் பழமொழியை நம் மூத்தோர் வாயால் சொன்னதோடு நில்லாமல் வாழ்ந்தும் காட்டினர்.

இந்த நற்குணம் நம்மிடம் இன்றும் உண்டு. ஆயினும், நல்ல மனத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்ட பிள்ளையே பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு பெற முடியாமல் தவிப்பதும், வளர்த்தவர் கையிலிருந்து திடீரென்று பிரிக்கப்படுவதும், யாருக்கும் சொல்லாமல் வீட்டைவிட்டு ஓடிவிடுவதும் நேர்வதுண்டு. வளர்ப்பவரிடம் அன்பில்லாமையே இதற்குக் காரணம் என்று கூறுவதற்கில்லை. அன்போடு சேர்ந்திருக்க வேண்டிய முறையும் அறிவும் அயலார் துணையும் இல்லாமையே பெரும்பாலும் காரணமாகும். ஆகவே, வளர்ப்புப் பிள்ளையையும், அப்பிள்ளையை ஏற்ற குடும்பத்தையும், பெற்ற குடும்பத்தையும் தாங்கி நிற்பது எவ்வாறு என்பதை இங்கே ஆராய்வோம்.

லயமே சாட்சியாக இருந்த காலம்

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில்பாதையை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். காய்ச்சலாலும் பேதியாலும் பட்டினியாலும் மாண்டவர் பலர். அவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகளில் பலரை உறவினரும் அண்டை வீட்டாருமே வளர்த்தனர். போருக்குப் பின் ஏற்பட்ட இத்தகைய துயரங்களைத் துடைக்கும் பொருட்டே 1946இல் சமூக நல இலாகா அமைக்கப்பட்டது. 1949இல் சுவாமி சத்தியானந்தர் தொடங்கிய சுத்த சமாஜம், பின்னர்ப் பூச்சோங்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்து, இன மத வேறுபாடு பாராது தொண்டாற்றியது.

அந்நாளில் எந்தப் பிள்ளை யாருடையது, யார் எடுத்து வளர்க்கின்றனர் என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும். மண்டோருக்குத் தெரியும், கிராணியாருக்குத் தெரியும், பள்ளி ஆசிரியருக்கும் தெரியும். லயமே சாட்சியாக நின்றது. பின்னாளில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. பல வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் நகரங்களுக்குச் சிதறின. நேற்று அடுத்த வீட்டில் இருந்தவர் இன்று எங்கே இருக்கிறார் என்பதே தெரியாத நிலை வந்துவிட்டது. லயம் சொல்லிவந்த சாட்சியை இப்பொழுது பத்திரமே சொல்ல வேண்டும். வளர்ப்புப் பிள்ளை விஷயத்தில் நாம் முதலில் உணரவேண்டிய மாற்றம் இதுவே.

வளர்ப்பு வேறு, தத்து வேறு

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மில் பலர். வளர்ப்பு என்பது, பெற்றோரால் பேண இயலாத காலத்தில் பிள்ளையை வேறொருவர் பொறுப்பில் வைத்துக் காப்பதாகும். பெற்றவரின் நிலை சீரடைந்தால் பிள்ளை அவரிடம் திரும்பலாம். தத்து என்பது, பிள்ளை சட்டப்படி மற்றொரு குடும்பத்தின் பிள்ளையாகவே ஆகிவிடுவதாகும்.

தீபகற்ப மலேசியாவில் தத்துக்கு இரு வழிகள் உள்ளன. 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாதார் நீதிமன்றத்தில் மனுச்செய்து ஆணை பெறலாம். அதற்கு முன் பிள்ளை குறைந்தது தொடர்ச்சியாக 3 மாதங்கள் அவர்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். அதே ஆண்டில் இயற்றப்பட்ட தத்தெடுப்புப் பதிவுச் சட்டத்தின்படி, குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து வளர்த்தவர்கள், 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தேசியப் பதிவு இலாகாவில் பதிந்துகொள்ள விண்ணப்பிக்கலாம். இவ்விரு வழிகளாலும் கிடைக்கும் உரிமைகள் ஒன்றல்ல. குறிப்பாக, வாரிசுரிமையில் வேறுபாடு உண்டு. எந்த வழி தமக்கு ஏற்றது என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே கேட்டறிந்துகொள்ளல் நன்று.

சட்டம் காட்டும் வழி

நம் நாடு 1995இல் ஐக்கிய நாடுகள் சபையின் சிறார் உரிமை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்பின் இயற்றப்பட்ட 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம், 2002 ஆகஸ்டு முதல் நாளன்று நடப்புக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்ட எவரும் இச்சட்டத்தின்கீழ் சிறாரே ஆவர்.

அடித்துத் துன்புறுத்தப்படும் பிள்ளை, கவனிப்பாரின்றிக் கைவிடப்பட்ட பிள்ளை, பெற்றோரால் பேணப்படாத பிள்ளை ஆகியோரைப் பாதுகாப்புத் தேவைப்படும் சிறார் என்று சட்டம் வகுக்கிறது. அத்தகைய பிள்ளையைச் சமூக நல இலாகாவின் பாதுகாவலரோ காவல்துறை அதிகாரியோ தற்காலிகப் பொறுப்பில் எடுத்துக்கொண்டால், 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும். பிள்ளை பெற்றோரிடமே நிபந்தனையோடு இருக்கலாமா, தகுதியுள்ள உறவினரிடம் விடலாமா, இல்லத்தில் சேர்க்கலாமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாத, அல்லது கைவிடப்பட்ட பிள்ளையைத் தகுதியுள்ள வளர்ப்புப் பெற்றோரிடம் 2 ஆண்டுக் காலத்திற்கு, அல்லது 18 வயது நிறையும் வரை, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை ஒப்படைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

நீதிமன்றம் செல்லாமல் நாமே ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டால் என்ன செய்வது? பிறர் பிள்ளையைத் தம் பராமரிப்பில் எடுத்துக்கொள்பவரும் அதனை ஒப்படைப்பவரும் ஒரு வாரத்திற்குள் பாதுகாவலருக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. "அதிகாரிக்குச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள்" என்று அஞ்சி மறைப்போர் உளர். பாதுகாவலர் விசாரிப்பது பிள்ளையின் நலத்தையே. நல்ல முறையில் வளர்க்கும் குடும்பத்திற்கு அந்த அறிவிப்பே அரணாகும். பின்னாளில் எவரேனும் உரிமை கோரி வந்தால், "நாங்கள் மறைக்கவில்லை" என்று சொல்ல அதுவே சான்று. தம் நிலைமையில் அறிவிக்க வேண்டுமா வேண்டாமா என்ற ஐயம் எழுந்தாலும், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுவிடுதலே முறை.

இரண்டு செயல்களை மட்டும் ஒருபோதும் செய்யலாகாது. ஒன்று, பணம் கொடுத்துப் பிள்ளையை வாங்குவதும் பணம் பெற்றுப் பிள்ளையைக் கொடுப்பதும், இது குற்றமாகும். மற்றொன்று, பிறப்புப் பதிவின்போது வளர்ப்பவர் பெயரையே பெற்றவர் பெயராக எழுதுவிப்பது. அன்பின் மிகுதியால் செய்தாலும் அதுவும் குற்றமே. பொய்யான பத்திரம் பிற்காலத்தில் வெளிப்பட்டால், தண்டனை வளர்த்தவர்க்கு மட்டுமன்று. தன் பிறப்புப் பத்திரமும் அதன்வழி வந்த குடியுரிமையும் கேள்விக்குள்ளாகி நிற்பது, ஒரு குற்றமும் அறியாத அந்தப் பிள்ளையே.

பத்திரங்களைத் தேடிச் சேர்த்தல்

பிள்ளை நம் வீட்டுக்கு வரும்போது உடுப்புப் பையோடு வந்துவிடும். பத்திரங்கள் வருவதில்லை. பிறப்புப் பத்திரம், தடுப்பூசிப் புத்தகம், பள்ளி ஆவணங்கள், பெற்றோரின் அடையாளக் கார்டு நகல், திருமணச் சான்று, இறந்திருந்தால் மரணப் பத்திரம் ஆகியவற்றை முதல் மாதத்திலேயே தேடிச் சேர்த்துவிட வேண்டும். வீடு காலி செய்யப்பட்டு, உறவினர் பிரிந்து சென்ற பிறகு தேடினால் கிடைப்பது அரிது. பிறப்பே பதியப்படாதிருந்தால், காலம் கடந்த பதிவுக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் திருமணத்தைப் பதியாமலிருந்தால் சிக்கல் கூடும். ஆதலால் அப்பேச்சை ஒத்திப்போடலாகாது.

பெற்றோர் தொழிலாளராக இருந்து இறந்தவராயின், சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய சொக்சோவிலிருந்து பிள்ளைக்குரிய உதவித்தொகை உண்டா என்று கேட்க வேண்டும். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், இறந்த சந்தாதாரரின் பிள்ளைகளையும் கருத்தில் கொண்டுள்ளது. ஊழியர் சேமநிதியில் உள்ள தொகையையும் விசாரிக்க வேண்டும். இப்பணம் பிள்ளையின் பணம். அதன் உணவுக்கும் கல்விக்கும் செலவிடலாம். மீந்ததைப் பிள்ளையின் பெயரில் சேமிக்க வேண்டும். வரவு செலவை ஒரு சிறு புத்தகத்தில் குறித்து வைப்பது, பின்னாளில் உறவினரிடையே எழும் மனக்கசப்பைத் தவிர்க்கும். இவையன்றி, தகுதியுள்ள குடும்பங்களுக்குச் சமூக நல இலாகா வளர்ப்புப் பிள்ளை உதவித்தொகை வழங்குகிறது. இதற்கு விண்ணப்பிப்பதை இரந்து நிற்பதாகக் கருத வேண்டியதில்லை. அது பிள்ளைக்கென வகுக்கப்பட்ட உதவியாகும்.

பிள்ளையின் மனம்

பத்திரம் வெளிக்காவல் என்றால், பிள்ளையின் மனத்தை அறிந்து நடப்பது உட்காவல் ஆகும். புதிய வீட்டிற்கு வந்த பிள்ளை முதலில் மிகவும் அடக்கமாக இருக்கும். "எவ்வளவு நல்ல பிள்ளை!" என்று நாம் மகிழ்வோம். சில வாரங்கள் கழித்து அதே பிள்ளை பிடிவாதம் பிடிக்கும், பாத்திரத்தை எறியும், படுக்கையை நனைக்கும், சோற்றையோ ரொட்டியையோ தலையணைக்கடியில் மறைத்து வைக்கும். நன்றி கெட்ட பிள்ளை என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. இவ்வீட்டார் தன்னை விரட்டிவிடுவரோ என்ற அச்சம் சற்றே தணிந்த பின்னரே, அடக்கி வைத்த துயரம் வெளிவருகிறது. உணவை ஒளிக்கும் பிள்ளை திருடும் பிள்ளையன்று. நாளைக்கு உணவு கிடைக்குமா என்று ஒருமுறை அஞ்சிய பிள்ளை. அடிப்பதால் அந்த அச்சம் தீராது. "இந்தத் தகரத்தில் உள்ள ரொட்டி உனக்கு, பசித்தால் கேட்காமலே எடுத்துக்கொள்" என்று ஓரிடத்தைக் காட்டிவிட்டால், ஒளிக்கும் பழக்கம் மெல்ல மெல்ல மறையும்.

பால்மரம் வெட்டும் குடும்பங்களுக்கென ஒரு தனிக் கவலை உண்டு. பால் நன்றாக ஊறும் நேரம் அதிகாலையாதலால், விடியுமுன் நாம் வீட்டைவிட்டுப் புறப்படுகிறோம். நம் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் இதற்குப் பழகியவர்கள். ஆனால், ஒரு நாள் கண்விழித்தபோது தாயைக் காணாமல் போன பிள்ளைக்கு, இருட்டில் விழித்து வெறும் வீட்டைக் காண்பது எத்தகைய கொடுமை! பழைய இழப்பு மீண்டும் நிகழ்ந்ததாகவே அது நினைக்கும். ஆகவே, முதல் சில மாதங்களுக்கேனும் கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் புறப்படாதிருக்க இயலுமா என்று மண்டோரிடம் பேசிப் பார்க்கலாம். இயலாவிடில், முதல் நாள் இரவே, "நாளை நீ எழும்போது நாங்கள் வெட்டுக்குப் போயிருப்போம், பக்கத்து வீட்டுப் பாட்டி உன்னருகில் இருப்பார், பால் நிறுத்தவுடன் வந்துவிடுவோம்" என்று சொல்லிவைக்க வேண்டும். சொன்ன நேரத்தில் வரவும் வேண்டும். தாமதமாகுமெனில் ஆள் மூலம் சொல்லியனுப்ப வேண்டும். சொல் தவறாத பெரியவர்களை நாள்தோறும் கண்டுதான் அப்பிள்ளை மீண்டும் உலகத்தை நம்பக் கற்கிறது.

மற்றொன்றும் உண்டு. இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. மழைக்காலத்தில் வெட்டு நின்றுபோகிறது. கையில் காசு தட்டுப்படுகிறது. அந்நாள்களில், "ஒரு வாய் கூடிவிட்டது" என்னும் சொல் அலுப்பில் வாய்தவறி வந்துவிடும். சொன்னவர் மறந்துவிடுவார், கேட்ட பிள்ளை மறப்பதில்லை. பள்ளி நோட்டுப் புத்தகம் வேண்டுமென்று கேட்கவும் அதன்பின் அது கூசும். குடும்பத்தின் நெருக்கடியைப் பிள்ளைகள் எல்லாரையும் வைத்துப் பொதுவாகப் பேசலாம். ஒரு பிள்ளையைச் சுட்டிப் பேசலாகாது.

உணவு, உடுப்பு, பண்டிகைப் புத்தாடை ஆகியவற்றில் வேற்றுமை வேண்டாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேலையிலும் வேற்றுமை வேண்டாம். வீட்டுப் பிள்ளைகள் படிக்க உட்காரும் வேளையில் வளர்ப்புப் பிள்ளையை மட்டும் மங்கு துடைக்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் அழைத்துச் செல்வது அநீதி. சிறாரை வேலையில் ஈடுபடுத்துவதற்கு 1966ஆம் ஆண்டின் சிறார் இளையோர் வேலைச் சட்டம் வரம்பு விதித்துள்ளது. தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஏற்று வளர்த்ததற்குக் கூலி, பிள்ளையின் உழைப்பு அன்று.

பெற்றவரை இகழலாகாது

பிள்ளையைப் பேண முடியாத பெற்றோர் எல்லாரும் தீயவர் அல்லர். நோயுற்றவர் உளர், மனநலம் குன்றியவர் உளர், கணவனால் கைவிடப்பட்டவர் உளர், மதுவின் பிடியில் சிக்கி மீளத் தவிப்பவரும் உளர். "உன் அப்பன் குடிகாரன்; நீயும் அப்படித்தான் ஆவாய்" என்று கோபத்தில் சொல்லும் ஒரு சொல், தந்தையைச் சுடுவதில்லை; பிள்ளையைச் சுடும். தன் பெற்றோர் தீயவர் எனில் தானும் தீயவனே என்று பிள்ளை முடிவு செய்துகொள்ளும். பல பிள்ளைகள், "நான் குறும்பு செய்ததால்தான் அம்மா போய்விட்டாள்" என்று தம்மையே குற்றவாளியாக எண்ணி மறைவில் அழுவதும் உண்டு. "நடந்ததற்கு நீ காரணமல்ல" என்பதைப் பலமுறை, அமைதியாக, சொல்ல வேண்டும்.

பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று அதிகாரிகள் கருதும்போது, பெற்றவர் வந்து பார்க்க இடங்கொடுக்க வேண்டும். பார்த்துச் சென்ற அன்றிரவு பிள்ளை அழும். மறுநாள் பள்ளியில் சண்டையிடும். "அவள் வந்ததால்தான் பிள்ளை கெட்டது" என்று சந்திப்பை நிறுத்திவிட எண்ணுவோம். அழுகை பாசத்தின் அடையாளமேயன்றிக் கேட்டின் அடையாளமன்று. பிள்ளையின் நெஞ்சில் இரண்டு தாய்மார்க்கு இடம் உண்டு. ஒருத்தியை வெளியேற்றித்தான் மற்றொருத்தி நுழைய வேண்டும் என்பதில்லை. பிள்ளை பெற்றவரிடமே திரும்பிச் செல்லும் நாள் வந்தால், வளர்த்தவர்க்கு அது துயரமான நாள். எனினும், ஒரு குடும்பம் முறியாமல் மீண்டும் கூடுவதற்கு நாம் உதவினோம் என்பது சிறிய பேறு அன்று.

தாங்குவோரையும் தாங்குவோம்

பேரப்பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் பாட்டிமார் நம்மிடையே இருக்கின்றனர். மூட்டுவலியோடும் நீரிழிவோடும் இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இவர்களைப் புகழ்ந்தால் மட்டும் போதாது. வாரம் ஒருநாள் அவர் வீட்டுப் பிள்ளைகளை நம் பிள்ளைகளோடு வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் துணைபோகலாம். மலாய் மொழியில் உள்ள பாரத்தை நிரப்பித் தரலாம். ஆலயக் குழுவினரும், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும், தொழிற்சங்கக் கிளையினரும் தத்தம் இடத்தில் இத்தகைய குடும்பங்கள் எத்தனை என்று அறிந்து வைத்திருப்பது நலம். "இது வளர்ப்புப் பிள்ளை" என்று விருந்தினர் முன் சுட்டிக்காட்டும் வழக்கத்தையும் கைவிடுவோம்.

அதே வேளையில், வளர்ப்பு வீட்டில் பிள்ளை துன்புறுத்தப்படுவதாக ஐயம் எழுந்தால் வாளாவிருத்தல் தவறு. மருத்துவரும், குடும்ப உறுப்பினரும், குழந்தைகளைப் பராமரிக்கும் ஆயாக்களும் புகார் செய்யச் சட்டத்தால் கடமைப்பட்டவர்கள். மற்றவர்க்கும் மனச்சாட்சி உண்டு. தாலியான் காசே 15999 என்னும் எண் இரவும் பகலும் இயங்குகிறது.

பதினெட்டு வயதுக்குப் பின்

18 வயது நிறைந்ததும் சட்டப்படி சிறார் என்னும் நிலை முடிகிறது. வாழ்க்கையின் தேவை முடிவதில்லை. நம் பிள்ளைகளை அவ்வயதில் நாம் வெளியே அனுப்புவதில்லை அல்லவா? இளைஞருக்கு 16 வயதிலிருந்தே ஆயத்தம் தேவை. அடையாளக் கார்டு, வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்றிதழ் ஆகியவை அவர் கையில் இருக்க வேண்டும். சமைக்கவும் சம்பளத்தைப் பங்கிட்டுச் செலவிடவும் தெரிந்திருக்க வேண்டும். மேற்கல்வியோ தொழிற்பயிற்சியோ எது பொருந்தும் என்பதை ஆசிரியரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வேலை போனாலும், உடல்நலம் குன்றினாலும், தீபாவளி வந்தாலும் திரும்பிவர ஒரு வீடு உண்டு என்பது அவருக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நினைவிற்கொள்ள

1. பிறர் பிள்ளையை ஏற்றால், ஒரு வாரத்திற்குள் பாதுகாவலருக்கு அறிவிக்கவும்.
2. பத்திரங்களை முதல் மாதத்திலேயே சேர்க்கவும். பிறப்புப் பதிவில் உண்மையன்றி வேறெதையும் எழுதுவிக்க வேண்டாம்.
3. சொக்சோ, சேமநிதி, நல உதவித்தொகை ஆகியவற்றை விசாரிக்கவும்.
4. பிள்ளையிடம் சொன்ன சொல்லைக் காக்கவும். பெற்றவரை அதன்முன் இகழ வேண்டாம்.
5. அண்டை வீட்டில் வளர்ப்புப் பிள்ளை இருப்பின், அக்குடும்பத்திற்கு வாரம் ஓர் உதவியேனும் செய்யவும்.

பசித்த பிள்ளைக்குச் சோறிடுவதில் நம் தோட்டத்து மக்கள் ஒருபோதும் பின்வாங்கியதில்லை. அந்தப் பிள்ளைக்குப் பெயரும் பத்திரமும் மன அமைதியும் கிடைக்கச் செய்வதிலும் நாம் பின்வாங்காதிருப்போமாக.